மூன்றாவது கம்பி

மூன்று கம்பிகளை இரண்டு ஆணிகளில் மாட்டிவிட்டு, அதற்காக என்னை நானே தட்டிக்கொடுத்தவன் நான். அந்த மூடத்தனத்தின் சாட்சி இன்றும் என் அலமாரியின் மேல்தட்டில் உட்கார்ந்திருக்கிறது: ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்த ஒரு மின்சார இஸ்திரிப்பெட்டி. கைப்பிடி கறுத்து, வால் அறுந்து கிடக்கிறது. வாலை அறுத்தவனும் நான்தான்.

அதைக் கொண்டுவந்தவள் என் அக்கா. அத்தான் ரங்கூனில் காய்ச்சலில் போனபிறகு, சண்டை நெருங்குகிறது என்று எல்லோரும் கிளம்பிய சமயத்தில், ஒரு டிரங்குப் பெட்டியோடு என்னிடம் வந்து சேர்ந்தாள். நான் அப்போது செகந்திராபாத்தில் ரயில்வே குமாஸ்தா; மல்காஜ்கிரியில் ஓர் அறையும் சமையல்கட்டும் கொண்ட வீடு. திருநெல்வேலிக்காரர்களான எங்களுக்கு நிஜாம் ராஜ்ஜியமும் சீமைதான். காசு வேறு, தபால்தலை வேறு, ரயிலைவிட்டு இறங்கினால் சுங்கச் சோதனை வேறு. சுங்கக்காரர் இஸ்திரிப்பெட்டியைத் தூக்கிப் பார்த்து, “யெ கைக்கு அம்மா?” என்று கேட்டார். இது எதற்கு என்று அர்த்தம். அக்காவுக்கு அந்தப் பாஷையில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தன் சேலைத் தலைப்பைக் கையால் நீவிக் காட்டினாள். அவர் சிரித்து விட்டுவிட்டார்.

வந்த சில வாரங்களில், ரயில்வேப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்கு நேரில் வரச்சொல்லி அவளுக்கு ஆள் வந்தது. தலைமையாசிரியை ஒரு வெள்ளைக்காரி. கசங்கிய உடுப்போடு வருகிறவர்களை நாற்காலியில் உட்காரச் சொல்வதுகூட இல்லை என்று பேச்சு. அந்த வேலை கிடைக்காவிட்டால் அக்கா மாமியார் வீட்டுக்குப் போகவேண்டும். அங்கே அவளுக்கு வைத்திருந்த இடம் அடுப்படி. டிரங்குப் பெட்டியிலிருந்து தன் ஒரே நல்ல வெள்ளைச் சேலையை எடுத்துக் கஞ்சி போட்டு உலர்த்தினாள். பிறகு இஸ்திரிப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

அதன் பிளக்கில் விரல் தடிமனில் மூன்று உருட்டு ஆணிகள். என் வீட்டிலோ சுவரில் ஓட்டையே கிடையாது. மின்சாரம் என்றால் கூரையிலிருந்து தொங்கும் ஒரு பல்புதான். “இதுக்கா யோசனை? நான் பாத்துக்கிடுதேன்” என்று கிளம்பினேன். பல்பைக் கழற்றிவிட்டு அதே ஹோல்டரில் செருகுகிற பிளக் ஒன்றைக் கடையில் வாங்கி வந்தேன். அதில் கம்பி மாட்ட இரண்டே இடம். இஸ்திரிப்பெட்டியின் வாலிலோ சிவப்பு, கறுப்பு, பச்சை என்று மூன்று. பச்சையை என்ன செய்வது? வெட்டிப் போட மனம் வரவில்லை. கப்பலேறி வந்த கம்பியாயிற்றே. கறுப்போடு சேர்த்து முறுக்கி ஒரே திருகில் இறுக்கினேன். செருகினேன். பெட்டி சூடேறியது. அதன் இரும்பு உடம்பை விரலால் தொட்டு, சுட்டுக்கொண்டு, “பாத்தியா?” என்றேன்.

அக்கா பார்த்தாள். வெளிச்சம் வேண்டுமென்று பிளக்கைக் கழற்றிப் பல்பைத் திரும்ப மாட்டினாள்.

மறுநாள் ஆபீஸில் ஒரு பல்பு போயிற்று. பியூன் ஸ்டூலில் ஏறிப் புதியதை மாட்டினான். சும்மா இருக்கமாட்டாமல் நான், “நேராப் போடு பாய், தலைகீழாப் போட்டா இருட்டு வரும்” என்றேன். அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், “கைசா பீ டாலோ பாபு, ஜல்தா” என்றான். எப்படிப் போட்டாலும் எரியும்.

எல்லோரும் சிரித்தார்கள். என் சிரிப்பு பாதியில் நின்றது. பல்பைப் போலத்தானே என் பிளக்கும்? இரண்டு விதமாகவும் உள்ளே போகும். நேற்றுப் போட்ட விதத்தில் கறுப்பின் பக்கம் சாதுவாக இருந்தது. திருப்பிச் செருகினால் மின்சாரம் கறுப்பின் வழியாக வரும். கறுப்போடு பச்சை. பச்சை போய்ச் சேருவது பெட்டியின் இரும்பு உடம்பில். பள்ளிக்கூடத்துக்கு நேரில் போகவேண்டியதும் இன்றைக்குத்தான். அக்கா காலையில் வீட்டைக் கழுவிவிட்டு, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று இஸ்திரி போடுவாள்.

யாரிடமும் சொல்லாமல் சைக்கிளை எடுத்தேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று, நகர்வதா வேண்டாமா என்று ஊர்ந்துகொண்டிருந்தது. சைக்கிளைச் சாய்த்துக் கேட்டுக்கு அடியில் நுழையப் போனேன். “நக்கோ, நக்கோ பாபு” என்று கேட்காரன் சட்டையைப் பிடித்து இழுத்தான். ஒவ்வொரு பெட்டியாகக் கடந்தது. ஆணி இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் என்று தொடங்கி, வண்டியின் வால் தெரிவதற்குள் ஒரு சாக்குத் தேங்காய்க்கு வந்துவிட்டேன்.

வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினேன். தரை ஈரம். இஸ்திரிப்பெட்டி மேசைமேல். அக்காவைக் காணோம். சமையல்கட்டில் இல்லை, கொல்லையில் இல்லை. பக்கத்து வீட்டில் பெண்கள் ஏதோ பேசுகிற சத்தம்; அழுகையா என்று காதைத் தீட்டினேன்.

அழுகை இல்லை. அக்கா அந்த வீட்டு வாசலிலிருந்து இறங்கி வந்தாள். மடிப்பு கலையாத வெள்ளைச் சேலை. அவர்களுடைய கரி இஸ்திரிப்பெட்டியில் போட்டிருக்கிறாள்.

“என்னல, ஆபீஸ் இல்லியா?”

“பேனாவ மறந்துட்டேன்.”

அவள் என் சட்டைப்பையில் குத்தியிருந்த பேனாவை ஒருமுறை பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தாள்.

அவள் போனதும் பிளக்கைத் திருப்பிச் செருகி, கழற்றிய பல்பில் இரண்டு கம்பிகளைக் கட்டி, ஒன்றைத் தண்ணீர்க் குழாயில் சுற்றி, மற்றதைக் கட்டையால் தள்ளிப் பெட்டியின் உடம்பில் வைத்துப் பார்த்தேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. பெட்டியின் உடம்பு முழுக்க மின்சாரம். பிளக்கைக் கழற்றினேன். பிறகு வாலை அறுத்தேன். வேலை அவளுக்குக் கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான். சாக்குத் தேங்காயைப் பிள்ளையாருக்குத் தவணையில் கொடுத்தேன். அவர்தான் அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார் என்று இத்தனை காலம் நம்பியுமிருந்தேன்.

போன மாதம் என் மகள் லண்டனிலிருந்து ஒரு கெட்டிலோடு வந்தாள். அதன் பட்டை ஆணிகள் எங்கள் சுவரில் நுழையவில்லை. வழக்கம்போல நான் திருப்புளியைத் தேடினேன். ஈஸிசேரில் இருந்த அக்கா எழுந்து, தன் காபி டம்ளரோடு அடுத்த அறைக்குப் போனாள். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பின்னாலேயே போய், பச்சைக் கம்பி, கேட், தேங்காய் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லிவிட்டுக் கேட்டேன், “அன்னிக்கு நம்ம பெட்டி இருக்கையில நீ எதுக்குக்கா பக்கத்து வீட்டுக்குப் போன?”

அக்கா காபியை ஒரு வாய் குடித்தாள்.

“நீ மாட்டுன பிளக்குல்லா.”