யார் தூண்டியது?

சுருளிவேலைப் போல ஒரு பைத்தியக்காரனை நான் பார்த்ததில்லை. ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் அவன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு மின்நிலையத்தில் இரண்டு பேரும் ஒரே அறையில் வேலை பார்த்தோம். லைனைப் போடுவது, நிறுத்துவது எல்லாம் அவன் பொறுப்பு.

1958இல் ஒருநாள் லைன்மேன் அருளப்பன் கம்பத்தில் ஏற வேண்டியிருந்தது. அவன் கேட்டபடி சுருளிவேல் அந்த லைனை நிறுத்தி, சுவிட்ச் கைப்பிடிக்குப் பூட்டும் போட்டான். நான் பக்கத்திலேயே இருந்தேன். அப்படியும் கம்பியைத் தொட்ட அருளப்பன் தூக்கியெறியப்பட்டு விழுந்து செத்தான்.

அதே பாதையில் சற்றுத் தள்ளி இன்னொரு லைன் ஓடியது. அதை யாரும் நிறுத்தவில்லை. விசாரிக்க வந்த என்ஜினியர் விளக்கினார். மின்சாரம் ஒரே சீராக ஓடினால் அதைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் மாறாமல் இருக்கும், பக்கத்துக் கம்பிக்கு ஒன்றும் ஆகாது. நம் லைனில் வருவதோ நொடிக்குள் பலமுறை திசை மாறுகிற மின்சாரம். கூடவே மின்புலமும் காந்தப்புலமும் மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றமே பக்கத்தில் சும்மா கிடக்கிற கம்பியிலும் மின்சாரத்தை உண்டாக்கிவிடும். வேலை செய்யும் இடத்தில் கம்பியைச் சங்கிலியால் தரையோடு இணைத்திருந்தால் பிழைத்திருப்பான். அவசரத்தில் அருளப்பன் அதைச் செய்யவில்லை.

சுருளிவேல்மேல் தப்பில்லை என்று முடித்துவிட்டார்கள். அத்தோடு போயிருக்க வேண்டியது. அருளப்பன் மனைவி சவேரியம்மாளுக்குப் புரியட்டும் என்று அந்த என்ஜினியர் மகராசன் நல்ல தமிழில், இது தூண்டப்பட்ட மின்சாரம் என்று சொல்லித் தொலைத்தார்.

"யாருய்யா தூண்டிவிட்டது?" என்றாள் அவள்.

பக்கத்து லைன் என்றார். அவள் நம்பவில்லை. கம்பி எங்கேயாவது தூண்டிவிடுமா, மனுசன்தானே அதைச் செய்வான்? முந்தின மாதம்தான் அருளப்பனுக்கும் சுருளிவேலுக்கும் வாய்த்தகராறு வேறு நடந்திருந்தது. நான் பார்த்ததைச் சொன்னேன். கூட்டாளி பிறகு எப்படிச் சொல்வான் என்றார்கள்.

ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் சவேரியம்மாள் மின்நிலைய வாசலில் வந்து நிற்பாள். திட்டமாட்டாள். யாரென்று சொல்லிவிடு, தூக்கம் வரவில்லை என்பாள். வருஷக்கணக்காக இப்படியே நடந்தது. அவள் ஈர்க்குச்சியாய் இளைத்துப்போனாள். சுருளிவேலும் எத்தனையோ விதமாக விளக்கிப் பார்த்து, கடைசியில் பேசுவதையே விட்டுவிட்டான்.

ஒரு ஞாயிறு அவள் கேட்டதும், "நான்தான்மா லைனப் போட்டுவிட்டேன்" என்றான். அவள் அவனையே பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அதன்பின் வாசலுக்கு வரவே இல்லை.

அவள் போனதும் நான் அவனைப் பிடி பிடி என்று பிடித்தேன். செய்யாத தப்புக்கு எவனாவது பழியை ஏற்பானா?

"கோவிச்சுக்க அவளுக்கு ஒரு ஆளு வேணும்லே. கம்பிய எப்புடிக் கோவிச்சுக்குவா?" என்றான்.

சாயங்காலத்துக்குள் பேச்சு அவன் வீடுவரை போய்விட்டது. ஊரே சந்தேகப்பட்டபோதும் அவனை நம்பியவள் மனைவி செல்லக்கிளி ஒருத்திதான். அன்று ராத்திரி அவனோடு சாப்பிட நானும் போயிருந்தேன்; அவள் தட்டில் சோற்றை வைத்துவிட்டு எதிரே நின்றாள்.

"அப்ப இம்புட்டு நாளும் எங்கிட்டச் சொன்னது பொய்யா?"

உண்மையைச் சொல்ல நான் வாயெடுத்தேன். சுருளிவேல் என் கையை அழுத்திப் பிடித்தான். இல்லை என்று சொன்னால் அதுவும் ஊருக்குள் போய்விடும், சவேரியம்மாள் மறுபடி வந்து நிற்பாள்.

"ஆமா" என்றான்.

செல்லக்கிளி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வத்தலக்குண்டில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் சாவுக்குக்கூட வரவில்லை.