கப்பலேறாத ரைஸ் குக்கர்

ஈஸ்டர் விடுமுறைக்கு, தாயோடு வாழும் என் ஒன்பது வயது மகளை ஒரு வாரம் உல்லாசக் கப்பலில் கூட்டிப்போனேன். நான் சமைக்கும் சோறு அவளுக்குப் பிடிக்கும் என்று ரைஸ் குக்கரும் கொண்டுபோனேன். தீப்பிடிக்கும் என்று ஏறும்போதே அதை வாங்கி வைத்துவிட்டார்கள்.

மகள் தினமும் சிறுவர்களின் விளையாட்டறைக்குப் போய்விடுவாள். தடுக்க எனக்கு மனம் வரவில்லை. மேல்தளத்தில், குடும்பங்களுக்கு நடுவே, தனியே கடலைப் பார்த்திருந்தேன்.

இறங்கும்போது குக்கரைத் திருப்பித் தந்தார்கள்.

"அப்பா, இனிச் சோறு சமைப்பமா?" என்றாள்.

"கப்பலில என்னோட இருக்கவே இல்லையே, பிள்ளை?"

"அப்பாவுக்கு ரெஸ்ட் வேணும், கரைச்சல் குடுக்கக் கூடாதெண்டு அம்மா சொன்னவ."

லண்டன் ரயிலில், என் மடியிலிருந்த குக்கரின் மேல் தலை சாய்த்து அவள் தூங்கிப்போனாள். ஐந்து மணிக்கு அவளை இல்ஃபோர்டில் தாயிடம் விட வேண்டும். அப்பாவோடு இரு என்று ஏழு நாளில் ஒருதரமாவது நான் சொல்லியிருக்கலாம்.