கலைமான்களை அதட்டியவர்

அந்த மனிசன் ஆர் எண்டு உனக்கேன் பிள்ளை? ஊர்வம்பு, விடுப்புக் கேக்காட்டி உனக்குச் சோறு இறங்காதோ? சரி, இரு, சொல்லுறன்.

நான் வெளிநாட்டில், புரோசார்ட் எண்ட ஊரில் மகள் வீட்டில் இருந்த காலம். அந்த மனிசன் பக்கத்துக் காட்டுப் பூங்காவின் காவலாளி, ஒரு திருகோணமலைக்காரர். பெரிய காது, முழங்கால்வரை சப்பாத்து. அங்கே திரியும் வெள்ளைவால் கலைமான்களோடு தமிழில்தான் கதைப்பார், அதுவும் மருமகனை அதட்டுவதுபோல.

நான் அங்கே நடக்கப் போன ஒரு நவம்பர் காலை, பெண்மானுக்காக முட்டிய இரண்டு கலைமான்களின் கொம்புகள் பின்னிக்கொண்டு கழலவில்லை. இரண்டும் களைத்து விழுந்து கிடந்தன.

"இப்பிடியே விட்டா ரெண்டும் பட்டினியில செத்துப்போயிடும். அம்மா, உங்கட சால்வையைத் தாங்கோ," என்றார்.

சால்வையால் கண்களை மூடியதும் மான்கள் அடங்கின. அவர் மரம் அரியும் கைவாளை எடுத்தார்.

"தம்பி, கொம்பை அரிஞ்சா நோகாதோ?"

"நகம் வெட்டுற மாதிரித்தான். பனிக்காலத்தில தானா விழுந்து, பேந்து புதுசா முளைக்கும்."

"என்ர பல்லுக்கு அந்தக் குடுப்பினை இல்லையே."

"சிரிக்க வையாதேங்கோ அம்மா, கை ஆடுது."

ஒரு கொம்பு துண்டானது. சால்வையை உருவி எடுத்து, "போடா, வீட்டை போ," என்று முதுகில் தட்டினார். இரண்டும் எழும்பி ஆளுக்கொரு பக்கம் ஓடின. தட்டிய கையை அவர் ஏன் அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றார் என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

சால்வை ஏன் இவ்வளவு சேறு என்று அயலவர்கள் கேட்டார்கள்.

"ஒரு பெட்டைக்காக ரெண்டு பொடியள் அடிபட்டவங்கள். நானும் இன்னொரு தமிழ் ஆளும்தான் விலக்கிவிட்டம்," என்றேன்.

யார் வீட்டுப் பொடியள் என்று இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.