ஆறாம் பகுதியின் பூச்சியம்

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் ஒட்டுசுட்டானுக்கு வந்து, நிசாந்தினியின் முகத்துக்கு நேரே சொல்லிப் பார்க்கட்டும். நடந்தது நடந்ததுதான். அதுவும் இரவில் இல்லை. பேய்க்கு இருட்டுத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? போன மாசி மாதம், ஒரு புதன்கிழமை, வெயில் சுள்ளென்று அடித்த உச்சிப்பொழுதில் நடந்தது.

யானைவேலிகளைப் பராமரிக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் அவளுக்கு எக்செல் வேலை. வேலியை ஆறு பகுதியாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பகுதிக் காவலாளியும் கம்பியில் மின்சாரத்தை அளந்து, தன் போனிலிருந்தே தன் கோப்பில் எழுதுவார். அந்த ஆறு கோப்பிலிருந்தும் இலக்கங்கள் பெரிய கோப்புக்குத் தானாக வந்து சேரும். ஏழு என்றால் யானை கிட்டவும் வராது. பூச்சியம் என்றால் அந்த வேலியில் உடுப்புத்தான் காயப்போடலாம்.

ஆறாம் பகுதியை ஒட்டி அவளுடைய அப்பா அப்புத்துரையின் வயல். நெல் விளைந்து நின்றது. மனிசன் இரவிரவாக வேலியோரக் கொட்டிலில் தனியே காவலுக்குப் படுப்பார். வேலியை நம்பித்தான் கண்ணை மூடுவார்.

அன்று யாரோ கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டதில் இணைப்புகள் அறுந்து கிடந்தன. எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நிசாந்தினி தனியே இருந்து ஒவ்வொன்றாகத் தொடுத்தாள். ஐந்து பகுதியிலும் #REF! என்று பிழை. ஆறாம் பகுதி மட்டும் 7.1 என்று ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நின்றது.

அறுந்த இணைப்பில் இலக்கம் எப்படி நிற்கும்? கட்டத்தை அழுத்திப் பார்த்தாள். அங்கே இணைப்பே இல்லை. யாரோ அதை எடுத்துவிட்டு, கையால் 7.1 என்று அடித்திருந்தார்கள்.

மேற்பார்வையாளன் கோகுலனுக்குப் போன் எடுத்தாள். வேறு யாருமில்லை, வைகாசியில் அவளுக்குத் தாலி கட்டப்போகிறவன். ஆறாம் பகுதிக் காவலாளி இளையதம்பி ஒரு தனிக்கட்டை. அவர் பூநகரிக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டார் என்றும், வரும்வரை தானே அளப்பதாகவும் சொன்னவன் இந்தக் கோகுலன்தான்.

“அதை விடும் நிசா. காலமையும் போய் அளந்தனான்.”

“உண்மையாவோ?”

“உமக்குப் பொய் சொல்லுவனே?”

நம்பினாள். கட்டப்போகிறவனை நம்பாமல் வேறு யாரை நம்புவது? ஆனாலும் வேலை வேலைதானே. இணைப்பைத் தொடுத்தாள்.

நேரம் 12.17. 7.1 மறைந்தது.

0.

பிழையாகத் தொடுத்துவிட்டோமோ என்று அழித்தாள். மறுபடி தொடுத்தாள். 0.

இளையதம்பியின் கோப்பைத் திறக்கப் போனாள். திரையில் ஒரு செய்தி வந்தது. ‘இந்தக் கோப்பை இளையதம்பி திறந்து வைத்திருக்கிறார்.’

பூநகரியில் இருந்துகொண்டா...?

டிக்... டிக்... டிக்...

வேலிக்கு மின்சாரம் அனுப்பும் பெட்டியின் சத்தம். அது இருப்பது இரண்டு மைல் தள்ளி, காட்டோரம். சத்தம் அவளுக்குப் பின்னால் கேட்டது.

அவள் திரும்பவில்லை.

கோப்பு தானாகத் திறந்தது. திங்கள் 0. செவ்வாய் 0. புதன்...

பார்த்துக்கொண்டிருக்கவே கட்டம் நிரம்பியது. 0.

டிக்... டிக்...

நின்றது.

பச்சை இலை நசுங்கிய வாடை...

காதருகே ஒரு மூச்சு.

ஓடினாள்.

ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது 12.50. அப்பா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார்.

“அப்பா, இரவைக்குக் கொட்டிலுக்குப் போகாதேங்கோ!”

“ஓம், போகேல்லை. இப்பத்தான் இளையதம்பியும் வாசல் படலையிலை நிண்டு இதையே சொல்லிப்போட்டுப் போறான்.”

அவளுக்குப் போன உயிர் வந்தது. மனிசன் ஊருக்குத் திரும்பிவிட்டார், அவர்தான் கோப்பைத் திறந்திருக்கிறார். தன் பயத்தை நினைக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது.

“வேறை என்ன சொன்னவர்?”

“கம்பி அறுந்து கிடக்காம். கோகுலன் வாறன் எண்டவராம், தான் பாத்துக்கொண்டு நிக்கிறானாம், இன்னும் காணேல்லையாம். தண்ணி குடுத்தன், வாங்கேல்லை.”

அன்றிரவு யானைகள் வந்தன. விடியப் போய்ப் பார்த்தால் கொட்டில் தரையோடு தரை. அறுந்த கம்பியருகே, பற்றைக்குள், இளையதம்பியின் உடல்.

இரவு வந்த யானைதான் அடித்துவிட்டது என்று ஊர் அழுதது. நிசாந்தினி கோகுலனைப் பிடித்தாள்.

“நீங்கள் ஆறாம் பகுதிக்குப் போனனீங்களோ, இல்லையோ?”

அவன் நிலத்தைப் பார்த்தான். “திங்கள் பின்னேரம் கம்பி அறுந்திட்டுது, யானை நிக்குது, வாகனத்தோடை வாங்கோ எண்டு போன் எடுத்தவர். நான் நெளுக்குளத்திலை சிநேகிதப் பொடியளோடை நிண்டனான். வாறன் எண்டனான்...”

“போகேல்லை.”

“பிறகு ஆளைக் காணேல்லை. பூநகரி எண்டு சொன்னன். வேலை போயிடுமெண்ட பயத்திலை ஏழு எண்டு அடிச்சிட்டன்.”

அந்த 7.1-ஐ நம்பித்தான் அப்பா திங்களும் செவ்வாயும் அங்கே படுத்து எழும்பினார். இவனுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. மோதிரத்தைக் கழற்றி அவன் முகத்திலேயே எறிந்தாள்.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் அப்பாவை விசாரித்தார்கள். கடைசியாக எப்போது கண்டீர்கள் என்று வைத்தியர் கேட்டார்.

“நேற்று மத்தியானம் ஐயா. என்ரை படலையிலை நிண்டு என்னோடை கதைச்சவன்.”

வைத்தியர் எழுதுவதை நிறுத்தினார்.

“ஐயா, இவர் திங்கட்கிழமையே செத்திட்டார்.”