ஏழு சீட்டும் கொரியா மிஸ்ஸியம்மாவும்

துரைசானி வீட்டுச் சமையல் வேலையில் சமைப்பது கால் பங்குதான். அடுத்து என்ன செய்யப் போகிறார்களோ என்று பயந்துகொண்டே இருப்பது மீதி முக்கால் பங்கு. யார் வீட்டிலாவது அடுப்பு ஊதியவர்களுக்கு இது புரியும். மற்றவர்கள் என்னைப் பைத்தியக்காரி என்று நினைத்தாலும் பரவாயில்லை.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். கணவர் போன பிறகு சித்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார டீச்சர்களுக்குச் சமைத்துக்கொண்டு, பங்களாவின் பின்கட்டில் ஓர் அறையில் இருக்கிறேன். வேலை இருந்தால்தான் அறை. அந்த அறையை விட்டால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்த வருஷம் ஒரு புது மிஸ்ஸியம்மா வந்தார். அதற்கு முன்னால் பல வருஷம் கொரியாவில், பெண்கள் பள்ளியில் டீச்சராக இருந்தவர். அங்கே சண்டை வந்ததால் கிளம்பி, மெட்ராசில் தமிழ் படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று மட்டும் சொன்னார்கள். கொரியா எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. இன்றோ அந்த ஊரில் எந்த மாதம் என்ன காய் கிடைக்கும் என்று சொல்வேன்.

வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

வந்த முதல் நாளே வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, ஓரமாக ஜோடியாக வைத்துவிட்டு வெறுங்காலோடு உள்ளே வந்தார். இதற்கு முன் இருந்தவர்கள் எல்லாரும் சமையலறை வரைக்கும் பூட்ஸோடு வருவார்கள். நான் பின்னாலேயே துணியோடு போவேன். காலில் புண் போலிருக்கிறது என்று நினைத்துக் கொஞ்சம் மஞ்சளும் எண்ணெயும் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "இது எதற்கு?" என்று கேட்டார்.

அப்புறம்தான் சொன்னார். கொரியாவில் வீட்டுத் தரைக்கு அடியில் நெருப்புப் புகை போக வழி வைத்திருப்பார்களாம். அடுப்பு எரிந்தால் தரை முழுக்கச் சூடாகும். அந்தத் தரையில்தான் உட்காருவது, சாப்பிடுவது, படுப்பது எல்லாம். அதில் செருப்புக் காலோடு ஏறுகிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்களாம். சொல்லிவிட்டு, தனக்கும் பாய் போட்டுக் கீழேயே சோறு போடச் சொன்னார். மேஜை பாவம், அன்றிலிருந்து இஸ்திரி போடத்தான் உதவுகிறது. வாட்ச்மேன் முனிரத்தினம் இதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா எஸ்தரு, இவங்க நெஜமாவே துரைசானிதானா, இல்ல நம்ம ஜனம் யாராச்சும் வெள்ளையா பொறந்துட்டாங்களா?"

புதைத்த கோசு

அங்கே பனி கொட்டும் முன்னால் ஊர் முழுக்கக் கோசு கழுவுவார்களாம். உப்பு, பூண்டு, மிளகாய் எல்லாம் தடவி, பெரிய ஜாடியில் அடைத்து, மண்ணில் கழுத்தளவு புதைத்து வைத்தால் பங்குனி வரைக்கும் கெடாது. மிஸ்ஸியம்மாவுக்குச் சமைத்த அம்மாள் ஒருத்தர் இதில் கெட்டிக்காரியாம். அவரை 'அஜுமோனி' என்று கூப்பிடுவாராம். நாம் அக்கா என்கிற மாதிரி. எதைச் சமைத்து வைத்தாலும், "அஜுமோனி இப்படித்தான் செய்வார்" அல்லது "அஜுமோனி இப்படிச் செய்ய மாட்டார்" என்று ஒரு வார்த்தை வரும். பார்க்காத சக்களத்தி மாதிரி அந்த அம்மாள் என் அடுப்பங்கரையிலேயே குடியிருந்தார்.

மார்கழி மாதம் ஆசைப்பட்டுக் கேட்டார். மார்க்கெட்டில் கோசும் குண்டூர் மிளகாயும் வாங்கி வந்து, அவர் சொல்லச் சொல்ல ஜாடியில் அடைத்து, மூடியை இறுகக் கட்டி, முனிரத்தினத்தை விட்டு வேப்பமரத்தடியில் புதைத்தேன். மூன்றாம் நாளே மண்ணுக்குள்ளிருந்து 'உஸ்' என்று சத்தம். முனிரத்தினம் பாம்பு என்று தடியோடு நின்றார். நான் கட்டை அவிழ்த்தேன். என் முகம், புடவை, வேப்பமரம் எல்லாவற்றிலும் கோசு. நாற்றத்துக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இரண்டு நாள் அந்தப் பக்கம் வரவில்லை. இதோடு சீட்டு கிழிந்தது என்று நான் அழுதுகொண்டே முகம் கழுவிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸியம்மா ஜாடிக்குள் மிச்சமிருந்ததில் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடி நெடுநேரம் மென்றார்.

"தப்பு உங்கள் மேல் இல்லை, எஸ்தரம்மா. உங்கள் ஊரில் குளிர்காலம் என்று பேர்தான் வருகிறது, குளிர் வருவதில்லை."

பங்காருபாளையத்து மாம்பழம்

அவருக்கு ஊர் சுற்ற வேண்டும். கொரியாவில் சனிக்கிழமை ஆனால் ரயிலிலும் மாட்டு வண்டியிலும் கிராமம் கிராமமாகப் போவாராம். இங்கேயும் பஸ் எங்கே போகிறதென்று கேட்காமலே ஏறிவிடுவார். பின்னாலேயே பையும் குடையும் கவலையுமாக நான்.

அப்படித்தான் பங்காருபாளையம் மண்டியில் இறங்கி ஒரு கூடை மாம்பழம் வாங்கினோம். கொரியாவில் ஏதோ ஒரு பழத்தைத் தோலுரித்து, நூலில் கோத்து, கூரை இறவாணத்தில் வரிசையாகத் தொங்கவிடுவார்களாம். மாதம் ஒன்று போனால் வெல்லம் மாதிரி ஆகுமாம். நாங்களும் செங்காயாகப் பொறுக்கி, உரித்து, கட்டித் தொங்கவிட்டோம். தோரணம் கட்டின மாதிரி அழகாகத்தான் இருந்தது. பொழுது விடிந்து பார்த்தால் நூல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மதில் மேல் பதினைந்து குரங்கு உட்கார்ந்துகொண்டு, அடுத்த பந்தி எப்போது என்று கேட்கிற மாதிரி எங்களைப் பார்த்தன.

அடுத்த வாரம் அதே மண்டிக்குப் போனோம். போன கூடை எப்படி என்று கடைக்காரர் விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவே இல்லை.

"அய்யய்யோ, இந்தத் தரம் நீங்க வந்து தூக்கிக்கினு போவாதீங்கம்மா. கொரங்கையே பஸ் ஏத்தி அனுப்புங்க, இங்கயே துன்னுட்டுப் போவட்டும்."

திருப்பதியில் இரண்டு கை

இப்படியே ஐந்தாறு வருஷம் ஓடிய பிறகுதான் எல்லைப் பேச்சு வலுத்தது. எந்த ஊர் ஆந்திராவுக்கு, எந்த ஊர் மெட்ராசுக்கு என்று டீக்கடைக்கு டீக்கடை கோடு போட்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் வகுப்பை எடுத்துவிடுவார்கள் என்றும், தமிழில் பாடம் சொல்லித்தரும் மிஸ்ஸியம்மாவைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றிவிடுவார்கள் என்றும் சொன்னார்கள். பங்களாவில் அப்போது இருந்தவர் அவர் ஒருவர்தான். அவர் போனால் என் அறை போகும். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வகுப்பைத் தொடர அனுமதி கேட்டு மனு எழுதிக்கொண்டு, திருப்பதியில் இருந்த ஓர் ஆபீசுக்கு மிஸ்ஸியம்மா போனார், நானும் போனேன். குமாஸ்தா தலை நிமிராமல் ஒரு கையை மட்டும் நீட்டினார். மிஸ்ஸியம்மா எழுந்து நின்று, இரண்டு கையாலும் மனுவைப் பிடித்து, தலையைத் தாழ்த்திக் கொடுத்தார். கொரியாவுக்குப் போன புதிதில் ஒரு பிள்ளையின் தாயாரிடம் ஒற்றைக் கையால் புஸ்தகத்தை நீட்டப்போய், அந்த அம்மாள் வாங்காமலே திரும்பிப் போய்விட்டாராம். அன்று பழகின பழக்கம். குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவரும் எழுந்து நின்று, இரண்டு கையாலேயே வாங்கினார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"கூர்ச்சோண்டம்மா. இந்த மேஜைக்கு வர்றவங்க காகிதத்தைத் தூக்கிப் போடுவாங்க, இல்லாட்டி கால்ல விழுவாங்க. மரியாதையா குடுத்தது நீங்க ஒருத்தர்தான்."

மேஜை மேல் ஒரு காகிதம்

மனுவுக்குப் பதில் வரவில்லை. கிறிஸ்மஸ் முடிந்த மறுநாள் மிஸ்ஸியம்மா அறையைக் கூட்டும்போது எழுதுகிற மேஜையில் ஒரு காகிதம் கிடந்தது. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. ஆனால் எங்கள் வேலையில் இருக்கிறவர்களுக்கு நடத்தைச் சீட்டின் முகம் தெரியும். துரைமார் ஊருக்குத் திரும்பும்போது, 'இவள் ஒழுங்காகச் சமைத்தாள், திருடவில்லை' என்று எழுதிக் கையில் கொடுப்பார்கள். அதைக் காட்டித்தான் அடுத்த வீட்டில் வேலை கேட்க வேண்டும். என் டப்பாவில் பழையது மூன்று இருக்கிறது. மூன்றும் தொடங்குகிற மாதிரியே இதுவும் தொடங்கியது. நடுவில் என் பேர். அந்தப் பேரை மட்டும் எனக்குப் படிக்கத் தெரியும். போகிற அன்றைக்குத்தான் சீட்டு எழுதுவார்கள். வேறு எதற்கும் எழுத மாட்டார்கள்.

யாரிடமும் கேட்கவில்லை. ஒரு வாரம் ரசத்தில் உப்பு இரண்டு தடவை விழுந்தது, அல்லது விழவே இல்லை. டிரங்குப் பெட்டியில் துணியை அடுக்கினேன். மிஸ்ஸியம்மா சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் நிறையக் குடித்தார். முனிரத்தினத்திடம் மட்டும் சொன்னேன். அவர் சத்தியவேட்டுக்காரர். அவர் ஊர் ஆந்திராவோடு சேர்கிறது என்று அப்போதுதான் முடிவாகியிருந்தது. ஆறுதல் சொல்வார் என்று பார்த்தேன்.

"நீ சீட்டுக்கே அழுவுற. நான் மெட்ராஸ்காரனா படுத்துக்கினு ஆந்திராக்காரனா எழுந்துக்கிறேன். எங்கூட்டு எருமைக்கு இன்னும் விஷயம் தெரியாது, அது பாட்டுக்குக் கறந்துக்கினு கீது."

ஏழு சீட்டு

எட்டாம் நாள் மிஸ்ஸியம்மாவே பின்கட்டுக்கு வந்தார். பூட்டின பெட்டியைப் பார்த்தார். "எங்கே போகிறீர்கள்?" என்றார். நான், "நீங்கதாம்மா போறீங்க. சீட்டு எழுதிட்டீங்களே," என்றேன்.

அவர் உள்ளே போய், ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து என் பாயில் கவிழ்த்தார். ஒன்றல்ல, ஏழு சீட்டு. எல்லாவற்றிலும் என் பேர். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். கொரியாவில் சண்டை வந்த அன்றைக்குக் கைப்பையோடு வண்டியில் ஏற்றிவிட்டார்களாம். அஜுமோனி அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாராம். பேசக்கூட நேரமில்லை. அந்த ஊரில் சண்டை கொஞ்சம் ஓய்ந்ததும் அந்த அம்மாள் வீடு வீடாகப் போய் வேலை கேட்டாராம். "இத்தனை வருஷம் துரைசானியிடம் வேலை பார்த்தேன் என்கிறாயே, சீட்டு எங்கே?" என்று எல்லாரும் கேட்டார்களாம். இந்தச் செய்தி மிஸ்ஸியம்மாவுக்கு, அங்கிருந்து கிளம்பி இரண்டு வருஷம் கழித்து, சித்தூருக்கு வரும் முன்னால்தான் எட்டியது. உடனே எழுதி அனுப்பினார். அதைக் காட்டிய பிறகுதான் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலில் அவருக்கு இடம் கிடைத்ததாம். அதுவரை நான் போட்டியாக நினைத்த அந்த அம்மாளுக்காக அன்று வாய்விட்டு அழுதேன். அவர் பட்ட கஷ்டத்தில்தான் எனக்கு இந்த ஏழும் கிடைத்தது.

"ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஒன்று எழுதி வைக்கிறேன். திடீரென்று நான் ஓட நேர்ந்தாலும், இந்த முறை காகிதம் உங்கள் கையில் இருக்க வேண்டும், எஸ்தரம்மா."

மாசி மாதம் திருப்பதியிலிருந்து பதில் வந்தது. பிள்ளைகள் இருக்கிற வரைக்கும் தமிழ் வகுப்பு நடக்கலாம். சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. மிஸ்ஸியம்மாவும் சித்தூரிலேயே நின்றார். இப்போது சாயங்காலம் வாத்தியாரை வைத்துத் தெலுங்கு படிக்கிறார். டின்னை என்னிடமே கொடுத்துவிட்டார். கடைசிச் சீட்டில் என்னதான் எழுதியிருக்கிறதென்று ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அதைத் தமிழில் வாசித்துக் காட்டினார்.

"'இவர் மிகவும் கவலைப்படுவார். கவலைப்பட்டுக்கொண்டே இவர் சமைத்த சாப்பாட்டில், இந்த ஏழு வருஷத்தில் எனக்கு ஒருநாளும் வீட்டு ஏக்கம் வந்ததில்லை.'"

பயப்பட ஒன்றுமில்லை என்று ஏழு தடவை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டும், அந்த ஏழையும் கரையான் அரித்துவிடுமோ என்று பயந்து மாதம் ஒருமுறை வெயிலில் காயவைத்துக்கொண்டிருக்கிறேன்.