உப்புத் தண்ணீரில் மிதந்த கீகேப்

செவ்வாய்க்கிழமை காலை காட்டூரில் நான் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது தமயந்தியின் தங்கை போனில் அழைத்தார். "அக்கா போயிட்டாங்க" என்றார்.

அரியமங்கலத்தில் தமயந்தியும் நானும் கூட்டாக நடத்திய பிளாஸ்டிக் பட்டறை உங்களில் பலருக்குத் தெரியும். மெக்கானிக்கல் கீபோர்டுக்குத் தமிழ் எழுத்தோடு கீகேப் செய்யலாம் என்றவர் அவர்தான். விரல் படும் அந்தச் சிறு மூடிகளை எந்தப் பிளாஸ்டிக்கில் செய்வது என்பதில் எங்களுக்குள் ஓயாத வாதம். ஏபிஎஸ் என்ற வகை அச்சில் சொன்னபடி கேட்கும். ஆனால் விரல்பட்டு விரல்பட்டு எண்ணெய் பூசியதுபோல் மினுங்கிவிடும். பிபிடி என்ற வகை சொரசொரப்பு மாறாமல் உழைக்கும். ஆறும்போது சுருங்கி நம்மைப் படுத்தும். நான் ஏபிஎஸ் கட்சி. "நமக்கு எது சுலபம்னு பாக்காதீங்க கணேசன், அடிக்கிறவங்க விரலைப் பாருங்க" என்பார் தமயந்தி.

முதல் ஆர்டர் ஸ்ரீரங்கத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் ஜானகி அம்மாளுடையது. பிபிடிதான் வேண்டும் என்றிருந்தார். அனுப்பவேண்டிய அன்று தமயந்திக்குச் சந்தேகம் வந்தது. கொஞ்சமும் சுருங்காமல் இவ்வளவு ஒழுங்காக வந்திருக்கிறதே என்றார். ஒரு டம்ளர் தண்ணீரில் இனிக் கரையாது என்னும் அளவுக்கு உப்பைக் கரைத்து ஒரு கீகேப்பை அமுக்கிவிட்டார். மேலே வந்து மிதந்தது. பிபிடி என்றால் மூழ்கியிருக்கும். மூலப்பொருள் கொடுத்தவர் பிபிடி என்று ஏபிஎஸ்ஸைக் கொடுத்து எங்களை ஏமாற்றியிருந்தார்.

யாருக்குத் தெரியப்போகிறது, அனுப்பிவிடலாம் என்றேன். அவர் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "நமக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்கு பஸ் ஏறி, நடந்ததை ஜானகி அம்மாளிடம் அவரே சொன்னார். சரியானது வரும்வரை இதை வைத்துத் தட்டுங்கள் என்று கொடுத்துவிட்டும் வந்தார்.

பிறகு உண்மையான பிபிடி வந்தது. எழுத்து மூடிகள் அருமையாக அமைந்தன. நீளமான ஸ்பேஸ் பார் மட்டும் ஒவ்வொரு முறையும் வில்லாக வளைந்தது. நான்காம் முறை தமயந்தி பட்டறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கணேசன் சொன்னதுதான் சரி. நீளமானதுக்கு ஏபிஎஸ் போடுவோம். பெட்டி மேல அதையும் எழுதிடுங்க."

காரியத்துக்கு ஜானகி அம்மாள் வந்திருந்தார். நாங்கள் கொடுத்த கீகேப்பில் இன்றுவரை எழுத்து ஒன்றுகூட அழியவில்லை என்று தமயந்தியின் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

தெரிந்த பிறகு வாயை மூடிக்கொள்ளாத அந்தப் பழக்கத்தைத் தமயந்தியிடமிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். நேற்றுப் புது ஆர்டரோடு ஒருவர் வந்தார். எங்களால் எது முடியாது என்பதைத்தான் முதலில் சொன்னேன். குரல் தயங்கவில்லை.