லிஃப்ட்காரர் பாடிய பாட்டு

காது பரிசோதனை நிலையத்தில் அவளுக்குப் பெயர் பீப் மேடம். வந்தவரைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, "பீப்னு சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க, கேக்கலைன்னா சும்மா இருங்க" என்று பதினாறு வருடமாகச் சொல்லிவருகிறாள். கேட்காமலே அமுக்குகிற பெரியவர்களையும், கேட்டும் அமுக்காத பள்ளிப் பிள்ளைகளையும் முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவாள்.

நாள் முழுக்க பீப் கேட்டவள் வீட்டுக்கு வந்தாவது காதுக்கு ஓய்வு கொடுப்பாளா என்றால், அதுதான் இல்லை. வாஷிங் மெஷின் இருக்கும் சின்ன அறையில் ஒரு கம்ப்யூட்டர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு, குமிழ் குமிழாகத் திருகுகிற நாலு பெட்டிகள். அறைக்கு ஒரே பிளக் பாயின்ட். துணி துவைத்தால் பாட்டு கிடையாது. பாட்டு போட்டால் துணி வாளியிலேயே கிடக்கும். இப்படிச் செய்த எலக்ட்ரானிக் இசையைப் பத்து வருடமாக இணையத்தில் ஏற்றிவந்தாள். பாடகர் கிடையாது, வரிகள் கிடையாது, எட்டு நிமிடத்துக்குக் குறைந்து எதுவும் கிடையாது. ஒவ்வொன்றையும் இருநூறு பேர் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் அதே இருநூறு பேர்தான் என்று அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

அந்த இருநூறில் ஒருவர் கத்தரி. ஓர் இணைய இதழில் ஞாயிறுதோறும் இசை விமர்சனம் எழுதுபவர். அவர் கையில் சிக்கியவர்கள் வைத்த பெயர் அது. நல்ல வார்த்தை நாலு எழுதினால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும் போல. ஆனாலும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு இசைக்காரர்கள் அத்தனை பேரும் முதலில் திறப்பது அவர் பக்கத்தைத்தான்.

நாற்பத்து மூன்றாம் வயதில் பீப் மேடத்துக்கு ஓர் ஆசை வந்தது. மூன்று நிமிடம், வாயில் ஒட்டிக்கொள்கிற மெட்டு, ஒரு குரல். சாதாரண பாப் பாட்டு. ஆசைப்படக் கூடாதா என்ன?

மெட்டு தயார். கூடப் படித்த தோழி வந்து பாடுவதாகப் பேச்சு. அவள் வருவதற்கு முன், மெட்டு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று காட்ட யாராவது சும்மா பாடிவைக்க வேண்டும். டம்மிக் குரல் என்பார்கள். நிஜக் குரல் வந்ததும் அழித்துவிடுவார்கள். பீப் மேடத்துக்குச் சுருதி ஒரு மயிரிழை விலகினாலும் காது கண்டுபிடித்துவிடும், வாய்க்குத்தான் அது எட்டாது. அதனால் கணவரைக் கூப்பிட்டாள்.

கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். பள்ளி ஆண்டு விழாவில் பாடப் போய், நடுப் பாட்டில் குரல் உடைந்து, அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததாம். பள்ளியை விட்டுப் போகிறவரை தகரம் என்றே கூப்பிட்டார்களாம். அதற்குப் பிறகு அவர் மனிதர்கள் எதிரில் வாய் திறந்து பாடியதில்லை. லிஃப்ட் போய்வருகிற குழிக்குள் தனியாக நின்று வேலை செய்யும்போது மட்டும் பாடுவார். ஒரு நாள் மறந்த சாப்பாட்டைக் கொடுக்கப் போனபோது அவள் அதைக் கேட்டிருக்கிறாள்.

"நான் பாடினா மனுஷன் கேப்பானா? வேற ஆளைப் பாரு" என்றார் அவர்.

"என்னைத் தவிர ஒரு ஈ காக்கா கேக்காதுங்க. சத்தியம். நாளைக்கே அழிச்சிடுறேன்."

சத்தியம் என்றதும் மனிதர் இறங்கிவந்தார். வரிகள் எதுவும் எழுதப்படவில்லையே, எதைப் பாடுவது? வேலையில் தினமும் வாயில் வருவதைப் பாடிவைத்தார். "கதவு மூடல, கதவு மூடல... ஆளு அதிகம், ஆளு அதிகம்... யாராவது ஒருத்தர் இறங்குங்க." பாடி முடித்ததும் காது சிவக்க எழுந்து போய்விட்டார்.

தோழி வந்தாள், காதலும் காத்திருப்புமாக அழகான வரிகளைப் பாடிக்கொடுத்தாள். கம்ப்யூட்டரில் அதே பாட்டு மூன்று பெயர்களில் சேர்ந்தது: 'கடைசி', 'நிஜமாவே கடைசி', 'இதுதான் கடைசி'. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி இது. நூறு தடவை கேட்டுக் காது புளித்துப்போனவள், நூற்றியோராவது தடவை கேட்காமலே ஒன்றை எடுத்து வெளியீட்டு நிறுவனத்துக்கு அனுப்பினாள். அனுப்பியது 'கடைசி'. அதில் இருந்தது, அழிக்க மறந்த கணவர் குரல்.

வெள்ளிக்கிழமை பாட்டு வெளியானது. மதியச் சாப்பாட்டு வேளையில் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்து, ஆசையாகப் போட்டுக் கேட்டாள். "கதவு மூடல" என்று வீட்டுக்காரர் தொடங்கினார். ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டாள். நிறுவனத்துக்கு எழுதினாள். சரியான பாட்டை அனுப்புங்கள், திங்கட்கிழமை மாற்றிவிடுகிறோம் என்று பதில் வந்தது. தோழியைக் கூப்பிட்டு அழாத குறையாகச் சொன்னாள். அவள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "நீ என்னைப் பத்திக் கவலைப்படாதே, வீட்ல இருக்கிறவரைப் பாரு" என்றாள்.

வீட்டில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. மனைவியின் இசை என்றாலே "மோட்டார் பேரிங் போன மாதிரி இருக்கு" என்று தள்ளிப் போகிறவர். திங்கட்கிழமை வரை தாக்குப்பிடித்தால் போதும். நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. கத்தரி தன்னை என்ன வேண்டுமானாலும் எழுதட்டும். அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்து ஒரு வரி எழுதிவிட்டால்? முப்பது வருடம் கழித்து மறுபடியும் ஓர் அரங்கத்தின் முன்னால் அந்த மனிதரை நிறுத்தியது கட்டின மனைவி என்று ஆகிவிடுமே!

சனிக்கிழமை மாடி வீட்டிலிருந்து நாத்தனார் இறங்கிவந்தார், கணவருக்கு அக்கா.

"உன் பாட்டுல மூக்கால பாடுறது என் தம்பிதானே?"

"அண்ணி, மெதுவா! அவருக்குத் தெரியாது."

"நான் வாயைத் திறக்க மாட்டேன். ஆனா நீயே சொல்லிடு. வெளியாள் சொல்லித் தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான்."

அன்று மூன்று முறை சொல்லப் போனாள். மூன்று முறையும் "காபி போடட்டுமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினாள். மூன்று காபி குடித்த மனிதர், இன்றைக்கு என்ன விசேஷம் என்று பார்த்தார்.

ஞாயிறு எட்டு மணி. அவர் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். அவள் வாஷிங் மெஷின் மேல் சாய்ந்துகொண்டு கத்தரியைத் திறந்தாள்.

கிழி கிழியென்று கிழித்திருந்தார். இந்த அம்மாவுக்கு பாப் வராது. மெட்டு ஏற்கெனவே எங்கோ கேட்டது. அடியில் அதிர்கிற பேஸ் சத்தம் பக்கத்து வீட்டில் பீரோ நகர்த்துவது போல் இருக்கிறது. ஒவ்வொரு வரிக்கும் அவளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. என்னைத்தான் திட்டுகிறார், என்னைத்தான்! கடைசிப் பத்தியில் இப்படி இருந்தது: 'யாரும் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் பாடுகிறார். அவருக்காக மட்டும் மூன்று முறை கேட்டேன். நெரிசலான உலகில் யார் விட்டுக்கொடுத்து இறங்குவது என்று அவர் கேட்கும் கேள்வி உலுக்குகிறது. யார் இவர்?'

உலகமாவது நெரிசலாவது, எட்டுப் பேர் ஏற வேண்டிய லிஃப்டில் பத்துப் பேர் ஏறிய கதை அது. இருந்தாலும் அவள் வயிற்றில் பாலை வார்த்த புண்ணியவான். தன் பாட்டு நாறடிக்கப்பட்டதைப் படித்துச் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்ட இசைக்காரி உலகத்திலேயே அவள் ஒருத்திதான் இருப்பாள்.

இப்போது வாய் வந்தது. போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பாதிக் கன்னத்தில் நுரையோடு நின்றார்.

"யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னே."

"ஆமாங்க. தப்புதான். என்னை என்ன வேணா சொல்லுங்க."

"எத்தனை பேர் கேட்டிருக்காங்க?"

"ஆறாயிரத்துச் சொச்சம்."

"எத்தனை பேர் சிரிச்சாங்க?"

அவள் போனை நீட்டினாள். அவர் கையைத் துடைத்துவிட்டு போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பாட்டுக்குக் கீழே கேட்டவர்கள் எழுதியதை ஒன்றுவிடாமல் படித்தார். லிஃப்டின் இரும்புக் கயிற்றில் இழை இழையாகப் பிசிறு தேடும்போது இருக்கிற அதே முகம். பேஸ் அதிகம் என்று பலர். குரல் பிடித்திருக்கிறது என்று சிலர். இந்தக் குரலைக் கேட்டால் அப்பா ஞாபகம் வருகிறது என்று ஒருத்தி. நூற்றுப் பன்னிரண்டு குறிப்புகளையும் படித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கன்னத்தில் நுரை காய்ந்துபோயிற்று.

"ஒருத்தன்கூடச் சிரிக்கல" என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

"நாளைக்கு மாத்திடுவாங்க. தோழி பாடினதை அனுப்பிட்டேன். இனிமே யாரும்..."

"மாத்த வேண்டாம்னு எழுது."

அவள் கம்ப்யூட்டரைத் திறந்து எழுதினாள். அவர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பாடியவர் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி, அவள் அடித்து முடித்ததும் திரைக்கு நெருக்கமாகக் குனிந்து படித்தார்.

"இனிஷியலை விட்டுட்டே" என்றார்.